உருள மறுக்கும் சக்கரமும் உருட்டுப் பலகையும்

 

நம் கடற்கரை ஊர்களில் சபுராளிகளின் இல்லங்களுக்குச் செல்பவர்கள் ஒரு காட்சியைத் தவறாமல் கண்டிருப்பீர்கள். வாசலை அடுத்த ஷெட்டில், தலை முதல் கால் வரை உறை போர்த்திய கார் ஒன்று நின்றுகொண்டிருக்கும். அதன் உரிமையாளர் துபையிலோ, தம்மாமிலோ, கோலாலம்பூரிலோ இருப்பார். ஆண்டில் முப்பது நாள் அவர் ஊருக்கு வருவார். அந்த முப்பது நாளும் கார் ஓடும். மீதி நாட்களில் பூனை அதன்மேல் உறங்கும். இதை வீண் விரயம் என்று இடித்துரைப்போர் உண்டு. நான் அவ்வாறு சொல்லமாட்டேன். வாலிபத்தைப் பாலைவனத்தில் செலவிட்டவர், தம் பிள்ளைகளைத் தம் வண்டியில் ஏற்றிக்கொண்டு உறவினர் வீடுகளுக்குச் செல்ல ஆசைப்படுவதில் என்ன குற்றம்? ஆனால் ஓடாமல் நிற்கும் வண்டி ஒரு பொருள் மட்டுமன்று. அது ஓர் இடையூறாகவும் மாறக்கூடும் என்பதை அந்த இல்லத்துப் பெண்கள் நன்கு அறிவர்.

காயல்பட்டினத்தின் வழக்கத்தை வெளியூர் வாசகர்களுக்குச் சற்று விளக்கிவிடுகிறேன். இங்கே மணமான பின் பெண் தாய்வீட்டிலேயே இருப்பாள். மணமகன்தான் அவ்வீட்டிற்கு வந்து சேருவார். ஆதலின் ஒரே கூரையின் கீழ் சகோதரிகள் இருவர், மூவர் குடும்பம் நடத்துவது உண்டு. மருமக்கள் பெரும்பாலும் கடல் கடந்து இருப்பார்கள். எங்கள் மாமியின் வீட்டிலும் அப்படித்தான். என் சகலர்கள் இருவரும் வெளிநாட்டில். ஆளுக்கொரு கார். வீட்டிற்கு ஷெட்டோ ஒன்றே ஒன்று. அதுவும் நீளவாக்கில் அமைந்தது. உட்பகுதி பழைய வீட்டின் அடித்தளத்தின்மேல் சற்று உயரமாக இருக்கும். வெளிப்பகுதி பிற்காலத்தில் தகரம் வேய்ந்து சேர்க்கப்பட்ட சமதளம். உள்ளே ஒரு வண்டி, வெளியே ஒரு வண்டி. வெளி வண்டி நகராமல் உள் வண்டி புறப்பட இயலாது. மதரஸாவில் ஓதிக்கொடுத்துவிட்டு வீடு திரும்பும் நான் ஒருவனே அவ்வில்லத்தில் அன்றாடம் இருக்கும் ஆண்மகன் என்பதால், இரு வண்டிகளின் சாவிகளும் என்னிடம் அமானிதமாக வந்து சேர்ந்தன.

2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெய்த மழையை எவரும் மறந்திருக்க முடியாது. ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஓராண்டு முழுவதும் பெய்ய வேண்டியதற்கும் மேலானதை வானம் ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தது. எங்கள் ஷெட்டின் வெளிப்பகுதியில் தண்ணீர் காரின் பாதிச் சக்கரத்தைத் தாண்டி நின்றது. உட்பகுதியில் நின்ற வண்டிக்கோ, அல்ஹம்துலில்லாஹ், சேதம் ஏதுமில்லை.

வெள்ளம் வடிந்தது, சாலையும் திறந்தது. அப்பொழுதுதான் உண்மையான சோதனை தொடங்கிற்று. எங்கள் மாமி சிறுநீரகக் கோளாறுக்காக வாரம் இருமுறை தூத்துக்குடி சென்று இரத்தச் சுத்திகரிப்பு செய்துகொள்பவர். சாலை துண்டிக்கப்பட்டிருந்த நாட்களில் ஒரு முறை தவறிப்போயிருந்தது. கால்கள் வீங்கிவிட்டன; படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சாய்ந்து உட்கார்ந்தவாறே இரவைக் கழித்தார். இன்னொரு முறை தவறக்கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஊரின் வாடகைக் கார்களில் பல தண்ணீரில் நின்றவை. ஓடுகின்ற இரண்டொன்றுக்கோ ஊர் முழுதும் போட்டி. உள்ளே நல்ல வண்டி ஒன்று தயாராக நிற்கிறது. அதன் முன்னே நனைந்த வண்டி வழியை மறித்து நிற்கிறது.

தெருவின் இளைஞர்கள் எண்மர் வந்து தள்ளினார்கள். வண்டி அசையவில்லை. சகலர் விமானம் ஏறுமுன் எச்சரிக்கையாகக் கைப்பிரேக்கை இறுக்கி இழுத்துவிட்டுப் போயிருந்தார். மாதக்கணக்கில் இழுத்தபடி நின்ற பிரேக், வெள்ள நீரில் ஊறித் துருவேறி, பின்சக்கரங்களைக் கல்லாகப் பிடித்துக்கொண்டது. நெம்பியை விடுவித்தும் பயனில்லை. எஞ்சினை இயக்கி நகர்த்தலாமே என்றார் ஒருவர். தண்ணீர் புகுந்திருக்கக்கூடிய எஞ்சினை இயக்கினால் உள்ளே கம்பிகள் வளைந்து, சிறு செலவு பெருஞ்செலவாகிவிடும் என்று தெரிந்தவர்கள் தடுத்தார்கள். இழுவை வண்டி எங்கள் தெருவின் திருப்பத்தில் நுழையாது.

இறுதியில் ஓர் இளம் மெக்கானிக் தம் இருசக்கர வண்டியின் பின்னால் இரண்டு இரும்புச் சட்டங்களைக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். ஒவ்வொன்றும் ஒரு பக்கம் திறந்த சதுரம் போலிருந்தது. நான்கு மூலைகளிலும் எத்திசையும் திரும்பும் சிறு சக்கரங்கள். ஒரு சட்டத்தைப் பின்சக்கரத்தைச் சுற்றிச் செருகினார். காலால் ஒரு மிதிகட்டையை மீண்டும் மீண்டும் அழுத்தினார். சட்டத்தின் இரு உருளைகளும் டயரை முன்னும் பின்னும் நெருக்க, டயர் தானே மேலெழுந்து தரையை விட்டு இரண்டு விரற்கடை உயர்ந்து நின்றது. மறுபக்கமும் அவ்வாறே. பின்பு மூவர் சேர்ந்து தள்ள, எண்மருக்கு அசையாத வண்டி, தொட்டிலைப் போல் பக்கவாட்டில் நகர்ந்தது! வாலைத் துணி உலர்த்தும் முற்றத்தின் பக்கம் திருப்பி, முன்சக்கரங்களைத் தாமே உருளவிட்டு, முற்றத்திற்குள் கொண்டு நிறுத்த ஒரு கால்மணி நேரம்கூட ஆகவில்லை. லுஹருக்கு முன் மாமி தூத்துக்குடி போய்ச் சேர்ந்துவிட்டார்.

இந்தக் கருவியை ஆங்கிலத்தில் 'வீல் டாலி' என்பர். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அன்றே அதற்கு 'உருட்டுப் பலகை' என்று பெயரிட்டுவிட்டார்கள். நானும் அப்பெயரையே ஆளுகிறேன்.

இத்தகைய ஒன்றை வீட்டிற்கே வாங்கிவிடுவது என்று சகலர்கள் இருவரும் தொலைபேசியில் தீர்மானித்து, தேர்ந்தெடுக்கும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தார்கள். நானோ கலைப் பட்டதாரி; வரலாறு படித்தவன். இயந்திரத்திற்கும் எனக்கும் வெகுதூரம். ஆயினும் மூன்று வார காலம் கேட்டும், பார்த்தும், அளந்தும் நான் அறிந்துகொண்டவற்றை, இதே நிலையிலுள்ள பிற குடும்பங்களுக்குப் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

சந்தையில் இதன் வகைகள் முக்கியமாக இரண்டு. முதலாவது வெறும் பலகை: நடுவே டயர் அமரும் குழிவுடைய இரும்புத் தட்டு, அடியில் நான்கு சிறு சக்கரங்கள். விலை குறைவு. ஆனால் காரை முதலில் ஜாக்கியால் தூக்கி, பலகையை அடியில் தள்ளி, பின் காரை அதன்மேல் இறக்க வேண்டும். இரண்டாவது, அந்த மெக்கானிக் கொண்டுவந்தது: தானே டயரை நெருக்கித் தூக்கும் சட்டம். சிலவற்றில் மிதிகட்டையும் எண்ணெய் அழுத்தமும் இருக்கும். சிலவற்றில் கைநெம்பியைப் பற்றிப் பல்சக்கரத்தை முறுக்க வேண்டும். வெறும் பலகையைவிட இதன் விலை பலமடங்கு.

விலையை மட்டும் பார்த்தால் முதல் வகையே போதும் என்று தோன்றும். பட்டறை வைத்திருப்பவருக்கு அது போதுமானதே. எங்கள் வீட்டில் கேள்வி வேறு. நான் மதரஸாவில் இருக்கும் வேளையில் வண்டியை நகர்த்த வேண்டியிருந்தால் யார் நகர்த்துவது? பெண்கள்தானே! வண்டியோடு கொடுக்கப்படும் சிறு ஜாக்கி, பஞ்சரான ஒரு சக்கரத்தை மாற்றுவதற்கு உரியது. அதைக்கொண்டு நான்கு முறை காரைத் தூக்குவதும், ஒவ்வொரு முறையும் அடியில் கைவிட்டுப் பலகையைச் சரிசெய்வதும் ஆபத்தான வேலை. ஜாக்கி சாய்ந்தால் நசுங்குவது கைதான். சட்ட வகையில் எவர் உடலும் காரின் அடியில் போக வேண்டியதில்லை. எனவே மிதிகட்டை வகை என்று முடிவு செய்தோம். கைநெம்பி வகையை ஒரு கடையில் என் மூத்த சகலரின் மகளிடம் கொடுத்து முறுக்கச் சொன்னேன். சிறிய காருக்கு முடிந்தது, பெரிய காருக்கு அவளால் இயலவில்லை. "சாச்சா, இது ஆம்பளைகளுக்குச் செய்தது. மிதிக்கிறதையே வாங்குங்க" என்று சொல்லிவிட்டாள். சட்டம் ஒவ்வொன்றும் ஒரு பதினைந்து கிலோ இருக்கும். அரிசி மூட்டையை இழுத்துப் பழகியவர்களுக்கு அது பெரிதன்று. சக்கரம் இருப்பதால் உருட்டிக்கொண்டும் போகலாம்.

அடுத்து, தாங்கும் எடை. வியாபாரிகள் சொல்லும் கணக்கில் இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது, கவனமாகப் படியுங்கள். ஒரு கடைக்காரர், "பலகை ஒன்று 450 கிலோ தாங்கும், நான்கும் சேர்ந்து 1,800 கிலோ, எந்த வண்டியும் நிற்கும்" என்றார். கூட்டல் சரி, முடிவுதான் தவறு. காரின் எடை நான்கு சக்கரங்களிலும் சமமாக அமைவதில்லை. எஞ்சின் இருக்கும் முன்பக்கம்தான் பாரம். முன்சக்கரங்களால் இயங்கும் சிறு கார்களில் ஏறக்குறைய அறுபது விழுக்காடு முன்னே விழும். ஸ்விப்ட் போன்ற சிறிய கார் ஏறத்தாழ 900 கிலோ. அதில் முன்பக்கம் 540. ஒரு முன்சக்கரத்திற்கு 270 கிலோ. 450 கிலோ பலகை இதற்குத் தாராளம். இளைய சகலரின் இன்னோவா கிரிஸ்டா 1,800 கிலோவைத் தாண்டும். அதில் ஐம்பத்தைந்து விழுக்காடு முன்னே என்று கொண்டாலும் ஒரு முன்சக்கரத்தில் ஏறத்தாழ 500 கிலோ விழும். 450 கிலோ பலகைக்கு அது அளவை மிஞ்சிய சுமை. இதுவன்றித் தரை சற்று மேடுபள்ளமாக இருந்தால் ஒரு சக்கரத்தின் சுமை இன்னொன்றின்மேல் சாயும். ஆகவே 680 கிலோ தாங்கும் என்று குறிக்கப்பட்டதையே தேர்ந்தோம். டயரின் அகலத்தையும் அளந்துகொண்டு செல்லுங்கள். டயரின் பக்கச்சுவரில் 165 என்றோ 215 என்றோ தொடங்கும் எண் மில்லிமீட்டரில் அதன் அகலம். சட்டத்தின் உருளை அதைவிட நீளமாக இருக்க வேண்டும்.

பட்டறையில் கோண இரும்பை வெட்டி ஒட்டி, பீரோவுக்குப் போடும் சிறு சக்கரத்தை மாட்டி, கால் விலைக்குச் செய்து தருகிறோம் என்பார்கள். வேண்டாம். எங்களுக்கு அறிமுகமான ஒரு வீட்டில் அவ்வாறு செய்த பலகையின் சக்கரத்தண்டு, கார் அமர்ந்த சில நொடிகளில் முறிந்தது. கார் ஒருபக்கம் சாய்ந்து சுவரில் உரசி நின்றது. அந்தப் பக்கம் ஆள் இல்லை என்பது அல்லாஹ்வின் கிருபை.

சிறு சக்கரங்களைப் பற்றி இன்னும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பலர் சட்டத்தின் இரும்பைத் தட்டிப் பார்க்கிறார்கள்; சக்கரத்தைப் பார்ப்பதில்லை. விட்டம் பெரிதாக இருக்க இருக்க உருட்டுவது எளிது. மூன்று அங்குலச் சக்கரம் ஓடுகளின் இணைப்பில்கூட இடறும்; நான்கு அங்குலம் கடந்துவிடும். இரும்புச் சக்கரம் சிமெண்டுத் தரையில் நன்றாக ஓடும். ஆனால் பளபளக்கும் ஓடு பதித்த தரையைக் கீறிவிடும், சில வேளை உடைத்தும் விடும். வீட்டிற்கு உகந்தது மேலே பாலியூரித்தேன் பூசிய சக்கரம். உள்ளே பந்துத் தாங்கிகள் இருக்கின்றனவா என்று கேளுங்கள். கையால் சுழற்றினால் ஓசையின்றி நெடுநேரம் சுழல வேண்டும். நம் ஊர் உப்புக்காற்றில் ஆறு மாதத்தில் இவை துருப்பிடிக்கும். கிரீஸ் இட்டுவர வேண்டும். தேங்காய் எண்ணெய் விடலாகாது. அது நாளடைவில் பிசினாகிச் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும்.

வரலாறு படித்தவன் ஒரு வார்த்தை சொல்லாமல் நகர மனம் வரவில்லை. ரிச்சர்ட் புல்லியட் என்ற அமெரிக்க அறிஞர் 1975இல் 'ஒட்டகமும் சக்கரமும்' என்றொரு நூல் வெளியிட்டார். சக்கர வண்டிகளை நன்கு அறிந்திருந்த மேற்காசியா, பின்னர் பல நூற்றாண்டுகள் அவற்றைக் கைவிட்டு ஒட்டகத்தின் முதுகிலேயே சுமையை ஏற்றியது ஏன் என்பதே அதன் ஆராய்ச்சி. ஒட்டகத்திற்குச் சாலை வேண்டியதில்லை, செலவும் குறைவு. எனவே சக்கரம் தோற்றது என்கிறார். சக்கரம் என்றதும் முன்னேற்றம் என்று எண்ணிப் பழகிய நமக்கு அது வியப்பான செய்தி. எங்கள் ஷெட்டின் வாசலிலும் அதே நிலைதான். உள்ளே வழுவழுப்பான சிமெண்டில் பூப்போல ஓடும் உருட்டுப் பலகை, தெருவின் பேவர் கற்களில் கால் வைத்ததும் நின்றுவிடும். மணலில் புதைந்தே போகும். சமமான, கெட்டியான தரைக்கு மட்டுமே அது உரியது. வாசலுக்கு வெளியே ஓரடி கொண்டுபோக வேண்டுமாயின் கனமான பிளைவுட் பலகை விரித்தாக வேண்டும்.

இனி உயிரைக் காக்கும் செய்தி ஒன்று. பெண்களும் பிள்ளைகளும் இதை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். உருட்டுப் பலகையில் ஏறிய காருக்குப் பிரேக் இல்லை. கைப்பிரேக் பிடிப்பது காரின் சக்கரத்தை. அச்சக்கரமோ அந்தரத்தில் நிற்கிறது. தரையைத் தொடுவது கீழே உள்ள சிறு சக்கரங்கள். அவற்றைக் காரின் எந்தப் பிரேக்கும் கட்டுப்படுத்தாது. நம் போர்டிகோக்கள் மழைநீர் வடிவதற்காகத் தெருவை நோக்கிச் சரிவாகக் கட்டப்பட்டவை. கண்ணுக்குச் சமமாகத் தெரியும் தரையில் ஒரு கோலிக்குண்டை வைத்துப் பாருங்கள்; அது ஓடினால் காரும் ஓடும். ஒரு டன் எடை ஓடத் தொடங்கினால் நான்கு பெண்கள் பிடித்து நிறுத்த முடியாது. ஆகவே சரிவில் இதைப் பயன்படுத்தவே கூடாது. எங்கள் உட்பகுதிக்கு ஏறும் சாய்வில் பலகை போகாதபடி ஒரு மரச்சட்டத்தைத் தரையிலேயே அடித்துவிட்டோம். நகர்த்தும் வேளையில் சிறு பிள்ளைகள் வீட்டினுள் இருக்க வேண்டும். கதவும் தாழிடப்பட வேண்டும். வேலை முடிந்ததும் காரை இறக்கிவிட வேண்டும். இரவு முழுதும் பலகையின்மேல் விட்டுவைத்தால் காலையில் விளையாட வரும் பிள்ளைக்கு அது ஊஞ்சலாகத் தோன்றும்.

எத்தனை வாங்குவது? எல்லாச் சக்கரத்திற்கும் ஒன்றாக நான்கு இருந்தால் காரை நினைத்த திசையில் நகர்த்தலாம். நாங்கள் இரண்டே வாங்கினோம். எந்தச் சக்கரம் உருள மறுக்கிறதோ அதன் கீழ் வைப்பதற்கு இரண்டு போதும். கைப்பிரேக் இறுகியிருந்தால் பின்சக்கரங்கள். பேட்டரி இறந்து, தானியங்கி கியர் 'பார்க்' நிலையில் சிக்கிக்கொண்ட சிறிய காரானால் முன்சக்கரங்கள். இக்காலப் புது வண்டிகளில் கைப்பிரேக்கே மின்சாரத்தால் இயங்குகிறது. பேட்டரி தீர்ந்தால் அதை விடுவிக்கவும் வழியில்லாமல் நிற்பவை உண்டு. அத்தகைய வண்டி வைத்திருப்போருக்கு இது இன்னும் அவசியம்.

பலகை இருக்கிறதே என்று வண்டியைப் பராமரிக்காமல் விடலாகாது. பயணம் புறப்படும் சகலர்களுக்கு இப்பொழுதெல்லாம் நான் சொல்வது இது: கைப்பிரேக்கை இழுக்காதீர்கள், கியரில் நிறுத்தி, சக்கரங்களின் முன்னும் பின்னும் மரக்கட்டை வையுங்கள். பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிடுங்கள். டயரில் காற்றைச் சற்றுக் கூடுதலாக நிரப்புங்கள். இல்லையேல் நின்ற இடத்திலேயே தட்டையாகிவிடும். சாவியை மறவாமல் தந்துவிட்டுப் போங்கள். சாவியில்லாவிட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். பலகை இருந்தும் பாதிப் பயன் போய்விடும்.

செலவை இரு சகலர்களும் பாதிப்பாதியாகப் பகிர்ந்துகொண்டார்கள். இளையவர் மட்டும், "என் வண்டி உள்ளேதானே நிற்கிறது? மறிப்பது காக்காவின் வண்டிதானே?" என்று சற்று இழுத்தார். மாமி படுக்கையிலிருந்தே, "மாப்பிள்ளை, நான் போனது உங்க வண்டியிலதானே? ரெண்டு வண்டிக்கும் சேர்த்துத்தான் கணக்கு" என்று சொல்லி அனுப்ப, அத்துடன் வழக்குத் தீர்ந்தது.

இப்பொழுது எங்கள் மருமகள்முறைப் பெண்கள் இருவர் ஆண் துணையின்றியே வெளி வண்டியை முற்றத்திற்கு நகர்த்தி, திரும்ப நிறுத்தி விடுகிறார்கள். மூத்தவள் ஓட்டுநர் உரிமமும் எடுத்துவிட்டாள். பாட்டியைத் தூத்துக்குடிக்கு அழைத்துச் செல்வதும் பெரும்பாலும் அவளே. முதல் நாள் ஒரு பெண்பிள்ளை ஒரு டன் இரும்பைப் புறங்காலால் தள்ளுவதைப் பார்த்த பக்கத்து வீட்டுக் கிழவி, "ஜின்னு பிடிச்சிருக்கா வண்டிய?" என்று கேட்டார்.

சேதி தெருவில் பரவியது. இரவல் கேட்டு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். விலையுயர்ந்த பொருளாயிற்றே என்று வீட்டில் சிலருக்குத் தயக்கம். அன்றாடப் புழங்குபொருளை அண்டையாருக்குத் தர மறுப்போரைக் கண்டிக்கும் 'அல்மாஊன்' அத்தியாயத்தைப் பிள்ளைகளுக்கு மனனம் செய்விக்கும் நான், அதே பொருளை இரும்புப் பெட்டியில் பூட்டி வைப்பது எங்ஙனம்? கொடுப்பது என்று முடிவாயிற்று. நிபந்தனைகள் மட்டும் உண்டு. கொண்டுபோகும் வீட்டின் தரையை நானோ என் மருமகள்முறைப் பெண்ணோ கோலிக்குண்டு வைத்துப் பார்த்த பிறகே சட்டம் வாசலைத் தாண்டும். வண்டியின் பெயரைக் கேட்டு எடையைக் கணக்கிட்டுக்கொள்வோம். யார், எந்நாள் எடுத்தார் என்பதை ஒரு பழைய வருகைப்பதிவேட்டில் எழுதிவைக்கிறோம்.

இதை எழுதும் இவ்வேளையில் இரண்டு சட்டங்களும் எங்கள் வீட்டில் இல்லை. அடுத்த தெருவில் நிக்காஹ் வீடு. பந்தல் போட வேண்டிய இடத்தில் மலேசியாவிலுள்ள மூத்த மகனின் வண்டி பேட்டரி தீர்ந்து நிற்கிறதாம். வியாழன் அஸருக்குள் திருப்பித் தந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை மாமிக்குத் தூத்துக்குடி நாள்.